வைரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரி பூமிக்குள் அழுந்தி வைரமாகிறது என்று பள்ளியில் படித்தோமே, அது சரியா?

இல்லை. இரண்டிலும் இருப்பது கார்பன் என்பது மட்டும்தான் உண்மை. நிலக்கரி செடிகொடிகள் மட்கி உண்டானது, அதன் பெரும்பகுதி கடந்த 36 கோடி ஆண்டுகளுக்குள் உருவானது. வயது கணிக்கப்பட்ட வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடி முதல் 350 கோடி ஆண்டு வரை பழையவை. நிலத்தில் முதல் செடி முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே அவை பிறந்துவிட்டன. அதுபோக, நிலக்கரி இருப்பது பூமியின் மேல்தோலில், சில கிலோமீட்டர் ஆழத்துக்குள். வைரம் பிறக்கும் இடம் அதைவிடப் பல மடங்கு கீழே.

அப்படியானால் வைரம் எங்கே, எப்படி உருவாகிறது?

பெரும்பாலான வைரங்கள் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில் உருவானவை. அங்கே அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 50,000 மடங்கு இருக்கும், வெப்பம் 900 முதல் 1,300 டிகிரி செல்சியஸ். இந்த இரண்டும் ஒன்றாகக் கூடி வருவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. கண்டங்களின் மிகப் பழைய, தடித்த, ஒப்பீட்டளவில் குளிர்ந்த அடிப்பகுதிகளில்தான் நடக்கும். தென் ஆப்பிரிக்கா, சைபீரியா, வடக்குக் கனடா, மத்திய இந்தியா போன்ற இடங்களில் வைரம் கிடைப்பதற்குக் காரணம், அவற்றுக்கு அடியில் அப்படிப்பட்ட பழைய வேர்கள் இருப்பதுதான்.

கார்பன் அங்கே தனிக் கட்டியாகக் கிடந்து அழுந்துகிறது என்று நினைக்க வேண்டாம். கார்பன் கலந்த திரவங்கள் ஆழத்துப் பாறைகளின் இடுக்குகளில் ஊர்ந்து போகின்றன. போகிற வழியில் வேதிச்சூழல் மாறும்போது கார்பன் பிரிந்து, அணு அணுவாகப் படிந்து, படிகமாக வளர்கிறது. ஒவ்வொரு கார்பன் அணுவும் பக்கத்திலுள்ள நான்கு அணுக்களோடு ஒரே மாதிரி உறுதியாகக் கைகோத்து நிற்கும். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டும் அதே கார்பன்தான். அதில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருப்பதால் எழுதும்போது வழுக்கி உதிர்ந்துவிடுகிறது.

அவ்வளவு ஆழத்தில் இருப்பது மேலே எப்படி வருகிறது?

கிம்பர்லைட் என்ற ஒருவகை எரிமலைக் குழம்பு தூக்கிக்கொண்டு வருகிறது. கார்பன் டைஆக்சைடும் நீராவியும் நிறைந்த இந்தக் குழம்பு கீழிருந்து பாறைகளைப் பிளந்துகொண்டு ஏறி, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மேற்பரப்பை எட்டி வெடிக்கும். இந்த வேகம் ரொம்ப முக்கியம். மெதுவாக ஏறியிருந்தால் குறைந்த அழுத்தத்திலும் கடும் சூட்டிலும் வைரம் கிராஃபைட்டாக மாறிப்போயிருக்கும், அல்லது குழம்பிலேயே கரைந்திருக்கும்.

வெடித்த இடத்தில் கேரட் கிழங்கின் வடிவத்தில் ஒரு பாறைக்குழாய் மிஞ்சும். அதைத் தோண்டுவதுதான் பெரிய சுரங்கங்களின் வேலை. பல கோடி ஆண்டு மழையும் ஆறும் அந்தக் குழாய்களை அரித்து, வைரங்களை மணலோடும் கூழாங்கல்லோடும் அடித்துக்கொண்டு போய் ஆற்றுப்படுகையிலும் கடற்கரையிலும் சேர்த்திருக்கின்றன. குழாயில் கிடைப்பதற்கும் ஆற்றுமணலில் கிடைப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரத்த வைரம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வைரத்துக்குள் புள்ளியோ கீறலோ தெரிந்தால் அது குறைதானே?

நகை வியாபாரத்தில் குறை. பூமியைப் படிப்பவர்களுக்கு அதுதான் வைரத்தின் ஆகச்சிறந்த பகுதி. எனக்கும் அப்படித்தான்.

வைரம் வளரும்போது பக்கத்தில் இருந்த கார்னெட், ஆலிவின் போன்ற கனிமத் துணுக்குகளை உள்ளே சிறைபிடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு எதுவும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது. மனிதன் துளையிட்டுப் போன மிக ஆழமான இடமே 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். 150 கிலோமீட்டர் ஆழத்தின் மாதிரி நமக்கு இவ்வளவு கெடாமல் வேறு எதிலும் கிடைப்பதில்லை. உள்ளே இருக்கும் துணுக்கின் கதிரியக்கத் தனிமங்களை அளந்துதான் வைரத்தின் வயதைக் கணிக்கிறார்கள். சுத்தமான கார்பனில் அதைக் கணிக்க வழியில்லை.

2014ல் பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த, நகைக்குக் கொஞ்சமும் உதவாத ஒரு பழுப்பு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் நுண்துணுக்கு இருப்பது வெளியானது. அது சுமார் 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்துக்கு உரிய கனிமம். அதன் கட்டமைப்புக்குள் நீர் இருந்தது. அவ்வளவு ஆழத்தில் பாறைகளுக்குள் நீர் பிணைந்திருக்கிறது என்பதற்கு இயற்கையிலிருந்து கையில் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. கடையில் யாரும் சீண்டாத கல் அது.

வைரம் வேறு வழியிலும் உருவாகுமா?

ஆகும். பெரிய விண்கல் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சியில் கிராஃபைட் நொடியில் வைரமாகும். சைபீரியாவின் போபிகாய் பள்ளம் சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி உண்டானது. அங்கே நுண்வைரங்கள் ஏராளம், ஆனால் நகைக்கு ஆகாது. சில விண்கற்களுக்குள்ளேயே சூரியனைவிட வயதான நானோ அளவு வைரத்துகள்கள் இருக்கின்றன.

நிற வைரங்களுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

மஞ்சளுக்கு நைட்ரஜன், நீலத்துக்கு போரான். பச்சை பெரும்பாலும் இயற்கைக் கதிரியக்கம் பட்டு வருவது. இளஞ்சிவப்புக்கு அந்நியப் பொருள் எதுவும் காரணமில்லை; ஆழத்தில் நசுங்கி அணு அடுக்கு வளைந்ததால் வருகிறது. அந்த நிறத்துக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது.

உலகத்தில் முதன்முதலில் வைரம் எங்கே கிடைத்தது?

இந்தியாவில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகுக்கு வைரம் என்றால் இந்தியா, கொஞ்சம் போர்னியோ, அவ்வளவுதான். கிருஷ்ணா ஆற்றங்கரையின் கொல்லூர் போன்ற இடங்களில் சரளை மண்ணைக் கழுவிச் சலித்து எடுத்த கற்கள் கோல்கொண்டா வழியாக உலகம் முழுக்கப் போயின. 1720களில் பிரேசிலில் கிடைத்தது. அங்கே தோண்டியவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 1867ல் தென் ஆப்பிரிக்காவில் முதல் கல் உறுதிசெய்யப்பட்டு, 1871ல் கிம்பர்லியில் கூட்டம் திரண்டது. அங்கே 1914 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தோண்டிய பள்ளம் இன்றும் இருக்கிறது. 2 கோடி டன்னுக்கு மேல் மண்ணும் பாறையும் அள்ளி எடுத்தது சுமார் 2,700 கிலோ வைரம்.

சைபீரியக் கதையில் ஒரு பெயரை விடாமல் சொல்ல வேண்டும்: லாரிசா போபுகாயேவா. கிம்பர்லைட்டிலிருந்து உதிரும் சிவப்புக் கார்னெட் மணிகளை ஓடை ஓடையாகப் பின்தொடர்ந்து, 1954ல் யாகூட்டியாவின் முதல் கிம்பர்லைட் குழாயைக் கண்டுபிடித்த நிலவியலாளர். ரஷ்யா இன்று உலகின் மிகப் பெரிய வைர உற்பத்தி நாடுகளில் ஒன்று. அவருக்குரிய அங்கீகாரமோ பல ஆண்டு தாமதமாகத்தான் கிடைத்தது.

வைரம் உடையவே உடையாது என்கிறார்களே?

உடையும். கடினம் வேறு, உறுதி வேறு. கீறலைத் தாங்குவதில் வைரத்தை மிஞ்ச இயற்கையில் எளிதில் கிடைக்கும் வேறு பொருள் இல்லை. ஆனால் அதன் படிகத்தில் நான்கு திசைகளில் எளிதாகப் பிளக்கும் தளங்கள் இருக்கின்றன. அந்தத் திசையில் சுத்தியல் ஒன்று சரியாக விழுந்தால் போதும். மரத்தின் உறுதியான நடுக்கட்டையையும் நாம் வைரம் என்றுதான் சொல்கிறோம். அடி தாங்குவதைப் பொறுத்தவரை அந்த வைரம்தான் கெட்டி. "சுத்தியலால் அடித்துப் பார், உடையாவிட்டால் அசல்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நல்ல கற்கள் அப்படிப் பொடியாகியிருக்கின்றன.

இவ்வளவு கடினமானதை எதைக் கொண்டு பட்டை தீட்டுகிறார்கள்?

வைரத்தைக் கொண்டுதான். வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. எண்ணெயில் குழைத்த வைரத்தூள் பூசிய சக்கரத்தில், கல்லின் மென்மையான திசை பார்த்துத் தேய்ப்பார்கள். திசை தப்பினால் சக்கரம்தான் தேயும். இப்போது உள்ளே இருக்கும் குறைகளைக் கணினி வரைபடமாக்கி, எங்கே அறுப்பது என்று திட்டமிட்டு, லேசரால் அறுக்கிறார்கள். ஆனாலும் கடைசிப் பட்டைகளில் கைப்பழக்கமும் கண்ணும் இன்னும் வேண்டியிருக்கிறது.

நாம் அதிகம் பார்க்கும் வட்டக் கல்லில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். எந்தக் கோணத்தில் தீட்டினால் உள்ளே போன ஒளி கீழே ஒழுகாமல் மேலே திரும்பி வரும் என்பதை மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919ல் கணக்கிட்டு எழுதினார். இதற்காகப் பாதிக்குப் பாதி எடை போவதும் உண்டு. கோஹினூர் 186 காரட்டாக லண்டன் போனது. 1852ல் மறுபடி தீட்டியதில் 105.6 காரட் ஆனது. ஒரு காரட் என்பது 0.2 கிராம்.

உலகில் தீட்டப்படும் கற்களில் பத்துக்கு ஒன்பது குஜராத்தின் சூரத்தில் தீட்டப்படுகின்றன. பல லட்சம் பேருக்கு அதுதான் பிழைப்பு. பெரும்பாலும் கல் கணக்கில் கூலி. ஆர்டர் வந்தால் சோறு, வராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். தொலைதூர நாட்டில் நகை விற்பனை சரிந்தாலோ, புது வரி போடப்பட்டாலோ, முதல் அடி விழுவது இந்தத் தொழிலாளியின் தலையில். நகைக்கடை விளம்பரத்தில் இவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. பட்டை தீட்டும் சில வகைச் சக்கரங்களில் கோபால்ட் என்ற உலோகம் கலந்திருக்கும். அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் நோய் வந்தது பெல்ஜியத்தில் மருத்துவ ரீதியாகப் பதிவாகியிருக்கிறது. தூசி உறிஞ்சியும் காற்றோட்டமும் இருந்தால் தவிர்க்கக்கூடிய நோய் அது.

வைரம் அவ்வளவு அபூர்வமா? ஏன் இத்தனை விலை?

பெரிய, சுத்தமான கல் அபூர்வம்தான். பொதுவாக வைரம் என்று சொன்னால் அவ்வளவு அபூர்வம் இல்லை. 2023ல் உலகச் சுரங்கங்களிலிருந்து சுமார் 11 கோடி காரட் வந்தது, அதாவது 22 டன்.

விலைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் குவியல் குவியலாக வைரம் வந்தபோது விலை சரியும் என்ற பயம் எழுந்தது. 1888ல் செசில் ரோட்ஸ் சுரங்கங்களை ஒன்றாக்கி டி பியர்ஸ் நிறுவனத்தை அமைத்தார். பிறகு ஓப்பன்ஹைமர் குடும்பத்தின் கைக்குப் போன அந்த நிறுவனம், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் பட்டை தீட்டாத வைர வியாபாரத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது. எவ்வளவு வெளியே விடுவது என்று அதுவே முடிவு செய்தது. மீதி கிடங்கில் இருந்தது. தட்டுப்பாடு என்பது கையால் செய்யப்பட்டது.

தேவையையும் அப்படியே செய்தார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் விளம்பர வாசகம் எழுதிவந்த பிரான்சிஸ் ஜெராட்டி 1947ல் எழுதிய, வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற பொருள்படும் ஒரு சிறிய வரி, நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரம் என்ற வழக்கத்தை அமெரிக்காவிலும் பிறகு பல நாடுகளிலும் ஊன்றிவிட்டது. என்றென்றைக்கும் உரியதை யாரும் திரும்ப விற்க மாட்டார்கள் அல்லவா? பழைய கற்கள் சந்தைக்குத் திரும்பாமல் இருந்தால் புதுக் கல்லின் விலை நிற்கும்.

நகையைத் தவிர வைரத்தால் என்ன பயன்?

உண்மையைச் சொன்னால், வைரத்தின் பெரிய உழைப்பெல்லாம் நகைக்கு வெளியேதான். தொழிற்சாலைக்குப் போகும் வைரத்தில் கிட்டத்தட்ட முழுவதும் இப்போது செயற்கையாகச் செய்தது. ஆண்டுக்குப் பல நூறு கோடி காரட், அதில் பெரும்பகுதி சீனாவில். கிரானைட் பாறையை வெண்ணெய்போல அறுக்கும் கம்பி, கான்கிரீட்டைத் துளைக்கும் ரம்பம், எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைமுனை, மெல்லிய கம்பி இழுக்கும் அச்சு, கண் அறுவைக் கத்தி எல்லாவற்றிலும் இருக்கிறது. இன்று பெரிய கட்டடம் எழுந்தாலும் சாலை வெட்டினாலும் எங்காவது ஓரிடத்தில் வைரம் தேய்ந்திருக்கும்.

கடினத்தைவிட ஆச்சரியமான குணம் ஒன்று உண்டு. வைரம் வெப்பத்தைச் செம்பைவிட ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும், மின்சாரத்தையோ கடத்தாது. மெல்லிய வைரத் தகட்டை விரலில் பிடித்து ஐஸ் கட்டிமேல் வைத்தால், விரல் சூடே இறங்கி ஐஸை அறுத்துக்கொண்டு போகும். அதனால் சூடேறும் லேசர்களுக்கும் மின்னணுச் சில்லுகளுக்கும் அடியில் வைரத் தகடு வைக்கிறார்கள். 1978ல் வெள்ளிக் கோளுக்குப் போன பயனீர் வீனஸ் கலத்தின் ஆய்வுக்கருவி ஒன்றுக்கு ஜன்னலே வைரம்தான். அங்குள்ள சூட்டையும் அழுத்தத்தையும் அமிலத்தையும் தாங்கி, அகச்சிவப்புக் கதிரையும் உள்ளே விட வேறு பொருள் சரிப்படவில்லை.

பூமியின் மையத்தில் உள்ள அழுத்தத்தை மேசைமேல் உண்டாக்க வேண்டுமா? இரண்டு சிறு வைர முனைகளுக்கு நடுவே பொருளை வைத்துத் திருகாணியால் இறுக்குகிறார்கள். வைரம் ஒளிபுகும் என்பதால் உள்ளே நடப்பதை லேசரால் பார்க்கவும் முடிகிறது.

இன்னொன்று, படிகத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் ஒரு காலி இடமும் சேர்ந்தால், பச்சை ஒளி பட்டதும் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு ஏற்ப அந்த ஒளி கூடிக் குறையும். சாதாரண அறை வெப்பத்திலேயே மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். குறை என்று ஒதுக்கியது மறுபடியும் இங்கே வேலைக்கு வந்துவிட்டது.

ரத்த வைரம் என்றால் என்ன?

ஆயுதக் குழுக்கள் தோண்டி விற்று, அந்தப் பணத்தில் போர் நடத்திய வைரம். 1990களில் இந்தப் பெயர் பரவியது.

சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஆர்.யூ.எஃப். என்ற கிளர்ச்சிக்குழு கோனோ மாவட்டத்தின் வைர நிலங்களைப் பிடித்தது. அங்கே வைரம் ஆற்றுச் சரளையில் கிடக்கிறது. மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். குழாய்ச் சுரங்கத்துக்குப் பெரிய எந்திரமும் முதலீடும் வேண்டும். கிளர்ச்சிக்காரரால் நடத்த முடியாது. ஆற்றுமணலுக்கு மண்வெட்டி, சல்லடை, துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்ட மனிதர்கள் போதும். கைப்பிடிக் கல்லைச் சட்டைப்பையில் போட்டு எல்லை தாண்டலாம். சிறுவர்களின் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். ஊரைப் பயமுறுத்த மக்களின் கைகளை வெட்டினார்கள். கை இழந்து உயிர் பிழைத்தவர்கள் இன்றும் அந்த நாட்டில் வாழ்கிறார்கள். அந்தக் குழுவுக்கு ஆயுதம் கொடுத்து வைரம் வாங்கிய, லைபீரியாவின் அதிபராக இருந்த சார்லஸ் டெய்லருக்கு, சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம் 2012ல் 50 ஆண்டு சிறை விதித்தது.

அங்கோலாவில் யூனிடா இயக்கமும் வைரப் பணத்தில் போரிட்டது. அரசின் சான்று இல்லாத அங்கோலா வைரங்களை வாங்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1998ல் தடை போட்டது.

இதெல்லாம் அங்கே நடந்தது, வாங்குபவருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கற்கள் குப்பையில் போகவில்லை. பட்டை தீட்டி, மோதிரத்தில் பதித்து, யாரோ விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த விலையின் ஒரு பங்குதான் தோட்டாவானது.

கிம்பர்லி சான்று இருந்தால் கவலை இல்லையே?

ரத்த வைரத்தைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து செய்த அந்த ஏற்பாடு 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரம் ஒவ்வொரு முறை எல்லை தாண்டும்போதும், முத்திரையிட்ட பெட்டியில், அரசின் சான்றோடு போக வேண்டும். 80க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. முன்பு எந்தக் கேள்வியும் இல்லாமல் நடந்த வியாபாரத்துக்கு ஒரு வேலி போட்டது, அது பெரிய விஷயம்தான்.

ஆனால் வேலியில் ஓட்டைகள் உண்டு. அதன் வரையறைப்படி, முறையான அரசுக்கு எதிராகக் கிளர்ச்சிக்காரர்கள் போர் நடத்தப் பணம் தரும் வைரம் மட்டுமே தவறான வைரம். அரசே கொடுமை செய்தால்? ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் 2008ல் ராணுவம் நடத்திய தாக்குதலில் கையால் தோண்டிப் பிழைத்தவர்கள் 200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. கொன்றவர்கள் அரசின் ஆட்கள் என்பதால் வரையறைக்குள் அது வரவில்லை. சில ஆண்டுகளில் அந்த வைரத்தின் ஏற்றுமதிக்கு அனுமதியும் கிடைத்தது. இந்த ஏற்பாடு உருவாகக் காரணமாக இருந்த அமைப்புகளில் ஒன்றான குளோபல் விட்னஸ் 2011ல் வெளியேறிவிட்டது. கூலி, பாதுகாப்பு, குழந்தை உழைப்பு எதுவும் அந்தச் சான்றில் இல்லை. எல்லோரும் சம்மதித்தால்தான் விதியை மாற்ற முடியும் என்பதால் வரையறை இன்னும் அப்படியே நிற்கிறது.

பட்டை தீட்டிய பிறகு சான்று கல்லோடு தொடர்வதில்லை. பல நாட்டுக் கற்கள் வியாபாரச் சந்தையில் அளவு வாரியாகக் கலந்துவிடும். 300 கோடி ஆண்டுக்கு முன் தான் எவ்வளவு ஆழத்தில் வளர்ந்தேன் என்று ஒரு வைரத்தால் சொல்ல முடிகிறது. போன வருடம் தன்னைத் தோண்டியவர் யார், அவருக்குக் கூலி கிடைத்ததா என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு மனிதர் வைக்கும் கணக்குதான் வேண்டும்.

அப்படியென்றால் வைரச் சுரங்கமே கூடாதா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966ல் விடுதலை அடைந்தபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. 1967ல் ஓராபாவில் வைரக்குழாய் கண்டுபிடிக்கப்பட்டது, 1982ல் ஜ்வானெங் சுரங்கம் திறந்தது. அரசு டி பியர்ஸோடு சரிபாதிப் பங்கில் நிறுவனம் அமைத்தது. வந்த பணம் சாலையாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் ஆனது. இன்று வைர விலை சரியும்போது அந்த நாட்டின் வரவுசெலவே ஆட்டம் காண்கிறது. ஒரே கல்லை நம்பி நிற்பதன் ஆபத்து அது.

ஆப்பிரிக்காவில் கையால் தோண்டிப் பிழைப்பவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். கல் கிடைத்தால்தான் காசு. முதலாளி தரும் அரிசிக்கும் கருவிக்கும் கடன்பட்டு, கிடைத்த கல்லை அவர் சொன்ன விலைக்கே விற்க வேண்டிய நிலை பலருக்கு. 2017ல் கோனோவில் 709 காரட் கல் ஒன்று கிடைத்தது. தோண்டியவர்களின் முதலாளியான ஒரு பாதிரியார் அதைக் கடத்தாமல் அரசிடம் ஒப்படைத்தார். நியூயார்க்கில் 65 லட்சம் டாலருக்கு விற்றது. பாதிக்கு மேற்பட்ட பணம் அரசுக்கும், அதன் ஒரு பங்கு அந்த ஊரின் மேம்பாட்டுக்கும் போனது. அது செய்தியானதே, அப்படி நடப்பது எவ்வளவு அபூர்வம் என்பதைக் காட்டுகிறது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலியா?

போலி இல்லை, வைரம்தான். அதே கார்பன், அதே படிகம், அதே கடினம். வைரம்போல மின்னும் சிர்க்கோனியாவும் மொய்சனைட்டும் வேறு பொருள்கள். அவற்றை வைரம் என்று விற்றால்தான் மோசடி. ஆய்வக வைரத்தைச் சுரங்க வைரம் என்று சொல்லி விற்பதும் மோசடியே.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஆழ்பூமியின் அழுத்தத்தையும் சூட்டையும் எந்திரத்தில் உண்டாக்கி, உருகிய இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்தில் கார்பனைக் கரைத்து வளர்ப்பது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் இதைச் செய்தார். ஸ்வீடனில் அதற்கு முந்தைய வருடமே செய்துவிட்டார்கள், வெளியே சொல்லவில்லை. இன்னொன்று சி.வி.டி. முறை. மீத்தேனும் ஹைட்ரஜனும் நிரப்பிய அறையில் நுண்ணலை பாய்ச்சினால் வாயு பிளந்து, கார்பன் ஒரு மெல்லிய வைர வில்லைமேல் அடுக்கடுக்காகப் படியும். இதற்கு அழுத்தமே வேண்டாம்; காற்றழுத்தத்தைவிடக் குறைவில் நடக்கும். சில வாரங்களில் கல் தயார்.

டி பியர்ஸ் 2018ல் காரட் 800 டாலர் என்று ஆய்வக வைர நகை விற்க வந்தபோது அது மலிவு என்று பேசப்பட்டது. அதன் பிறகு விலை சரிந்துகொண்டே போய், 2025ல் அந்தக் கடையையே மூடப்போவதாக அறிவித்தார்கள்.

வீட்டிலேயே அசலைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது, எழுத்தின்மேல் வைத்துப் படிப்பது எதையும் நம்ப வேண்டாம். கடைகளில் உள்ள பேனா மாதிரிக் கருவி வெப்பக் கடத்தலை அளக்கிறது. கண்ணாடியையும் சிர்க்கோனியாவையும் பிடித்துவிடும், மொய்சனைட்டில் ஏமாறும். ஆய்வக வைரத்தை அது வைரம் என்றுதான் காட்டும், ஏனென்றால் அது வைரம். சுரங்கமா ஆய்வகமா என்று பிரிக்க நிறமாலைக் கருவிகள் உள்ள ஆய்வுக்கூடம்தான் வழி.

ஆய்வக வைரம் சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பல வாரம் ஆயிரம் டிகிரிக்கு அருகில் ஓடும் எந்திரம், நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் நல்லது என்று எப்படிச் சொல்வது? சுரங்கத்தின் பக்கமும் சேதம் கண்ணெதிரே இருக்கிறது. யாகூட்டியாவின் மிர் பள்ளம் 525 மீட்டர் ஆழம். நமீபியாவில் கப்பல்கள் கடலடியை உறிஞ்சி எடுக்கின்றன. கோனோவில் தோண்டிவிட்டுப் போன குழிகளில் தண்ணீர் தேங்கி கொசு பெருகுகிறது, பயிர் நிலம் போய்விட்டது.

வைரம் விஷமா?

இல்லை. அது வயிற்றில் எதனோடும் வினைபுரியாத வெறும் கார்பன். இந்த நம்பிக்கை பல நாடுகளில் பல நூற்றாண்டாக இருக்கிறது. கிம்பர்லியில் கல்லை விழுங்கிக் கடத்துகிறார்கள் என்ற பயத்தில், 1880களின் நடுவிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை மூடிய முகாம்களில் அடைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து போகுமுன் நாள்கணக்கில் பூட்டிவைத்து, ஆடை களைந்து, மலத்தையும் சோதித்தார்கள். சோதனை வெள்ளைத் தொழிலாளர்களுக்கு அப்படி நடக்கவில்லை. வைரம் பற்றி யோசிக்கும்போது என்னை அதிகம் வருத்துவது இந்த முகாம்கள்தான்.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். தங்கத்துக்கு எடைக்கு ஒரு விலை உண்டு, வைரத்துக்கு இல்லை. வாங்கிய மறுநாள் விற்கப் போனாலும் பெரும் நஷ்டம். பிடித்திருந்தால் அணிவதற்கு வாங்குங்கள்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

சுரங்கமா ஆய்வகமா, எழுத்தில் தருவீர்களா? எந்த நாட்டில், எந்தச் சுரங்கத்தில் எடுத்தது? ஆய்வகக் கல் என்றால் எங்கே வளர்த்தது? ஆய்வுக்கூட அறிக்கையின் எண் கல்லின் விளிம்பில் பொறித்திருக்கிறதா, பூதக்கண்ணாடியில் காட்டுவீர்களா? எடை, நிறம், தெளிவு, பட்டை நான்கையும் அறிக்கை சொல்லும். பிறந்த இடத்தைப் பெரும்பாலான அறிக்கைகள் சொல்லாது, அதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். "எல்லாம் கிம்பர்லி கல்தான்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், மறுபடி கேளுங்கள். ஒரே நாளில் நூறு பேர் கேட்டால் கடைக்காரர் தன் மொத்த வியாபாரியைக் கேட்பார். பழைய நகையில் உள்ள கல்லைப் புது நகையில் பதித்துக்கொள்வதும் நல்ல வழி. அதற்காகப் புதிதாக யாரும் தோண்ட வேண்டியதில்லை.

வைரம் எரியுமா?

எரியும். 1772ல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டென்னன்ட், வைரமும் அதே எடைக் கரியும் எரிந்தால் ஒரே அளவு வாயு வருகிறது என்று அளந்து, வைரம் வெறும் கார்பன் என்று நிறுவினார். காற்றில் 700, 800 டிகிரிக்கு மேல் போனால் மேற்பரப்பு கருகிப் பால்போல மங்கும். அடுப்புச் சூட்டில் ஒன்றும் ஆகாது. நகையில் பற்றவைப்பு வேலை இருந்தால், கல் உள்ளே இருப்பதைப் பொற்கொல்லரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்லைக் கழற்றிவிடுவார், அல்லது போரிக் அமிலக் கரைசல் பூசிக் காற்றுப் படாமல் காப்பார். மங்கிப்போனாலும் மறுபடி தீட்டலாம், கொஞ்சம் எடை குறையும்.